பாஸ்போர்ட்டை முதலில் கையில் வாங்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் பாஸ்போர்ட் முடிய ஏழு மாதம்தான் இருக்கிறது, அதுவும் கம்பெனி அலமாரியில் கிடக்கிறது என்று உங்கம்மா சொன்னதிலிருந்து எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. முதலில் அதைக் கேட்டு வாங்கு. பாஸ்போர்ட் எப்போதும் இந்திய அரசின் சொத்து என்கிறது 1967-ஆம் வருடத்துப் பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. முதலாளி அதை வாங்கிப் பூட்டி வைப்பதை அமீரகமும் ஒப்புக்கொள்வதில்லை. சண்டை வேண்டாம் கண்ணு. புதுப்பிக்க வேண்டும் என்று தன்மையாகக் கேள். புதியது வந்ததும் உன்னிடமே இருக்கட்டும்.

சீசன் முடியட்டும் என்று தள்ளாதே. ஷிப்மெண்ட் தப்பினால் விமானத்தில் ஏற்றியாவது சரக்கை அனுப்பிவிடலாம். பாஸ்போர்ட் காலாவதியானால் அப்படி வழியில்லை. தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் தருவார்கள்தான். ஆனால் அது ஊர் வந்து சேர மட்டும்; அதை வைத்துத் திரும்பிப் போக முடியாது. ஆறு மாதத்துக்குக் கீழே போனாலே விசா வேலைகள் சிக்கலாகும். காலாவதிக்கு ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்கலாம்.

ஷார்ஜாவில் இருக்கிற உனக்கு துபாய் துணைத் தூதரகம்தான். இணையத்தில் படிவத்தை நீயே நிரப்பு, டைப்பிங் சென்டர்காரனிடம் விடாதே. நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, அப்பாவின் இனிஷியல்தான். போன தடவை படிவம் எழுதிய ஏஜெண்டு குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறான். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை உள்ளே விடமாட்டோம் என்று அமீரகம் அறிவித்தது. அப்பா பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அந்த நாட்களில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தவர்கள் பாவம். அப்பா பெயரைப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ள எழுத்துப்படியே குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடு. ஓரெழுத்துகூட மாறக் கூடாது. பெயர் மாறியதும் எமிரேட்ஸ் ஐடி, விசா, வங்கிக் கணக்கு மூன்றிலும் மாற்ற மறக்காதே.

பங்களாதேஷ், வியட்நாம் என்று ஃபேக்டரி பார்க்க அலைகிறவன் நீ. 60 பக்கப் புத்தகமே கேள்.

உன் வீட்டில் மாசமாக இருக்கிற நல்ல சேதியும் வந்தது. குழந்தை அங்கேயே பிறந்தால் ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். 1955-ஆம் வருடக் குடியுரிமைச் சட்டம் அதைக் கேட்கிறது. தவறினால் டெல்லி வரை அனுமதிக்கு எழுத வேண்டிவரும். பிள்ளை விஷயத்தில் அந்த அலைச்சல் உனக்கு வேண்டாம்.

நிரந்தர முகவரிக்கு அனுப்பர்பாளையம் வீட்டைப் போடாதே, அங்கே இப்போது வாடகைக்கு ஆள் இருக்கிறது. பெருமாநல்லூர் முகவரியைக் கொடு. போலீஸ் விசாரணைக்கு வந்தால் நானும் உங்கம்மாவும் இருப்போம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகலை வாட்ஸ்அப்பில் இன்றே அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா
திருப்பூர்