வரைவும் சான்றும்

நுழையும்முன்

கட்டுரை, எழுதி முடித்தவுடன் நிறைவு பெற்றுவிடுவதில்லை. எழுதியவரே அதனை மீண்டும் படித்துத் திருத்துதல் வேண்டும். செய்திகள் எங்கிருந்து பெறப்பட்டன என்பதையும் தெரிவித்தல் வேண்டும். இவ்விரண்டும் அமைந்த கட்டுரையையே பிறர் நம்பிப் படிப்பர்.

சோழர்காலத் தேர்தல் முறை குறித்து இரு மாணவர்கள் கட்டுரை எழுதுவதாகக் கொள்வோம். ஊர்ச்சபையின் வாரிய உறுப்பினராவதற்கு 30 வயதைக் கடந்திருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். 35 வயதைக் கடந்திருக்க வேண்டும் என்கிறார் மற்றவர். ‘உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறுகிறது’ என்றே இருவரும் எழுதியுள்ளனர். எவர் கூற்று சரி?

இரண்டும் சரியே. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவிலில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் (கி.பி. 919), 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் (கி.பி. 921) உள்ளன. முன்னது வயதெல்லையை 30க்கு மேல் 60க்குள் என வரையறுக்கிறது. பின்னது அதனை 35க்கு மேல் 70க்குள் எனத் திருத்துகிறது. மாணவர் இருவரும் பொய்யுரைக்கவில்லை. எந்தக் கல்வெட்டு என்பதைக் குறிப்பிடத் தவறினர். அதனால் மெய்யான செய்தியும் ஐயத்திற்கு இடமாயிற்று.

வரைவைத் திருத்துதல்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை நன்னூல் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் சில, நம் வரைவைச் சோதிக்கும் அளவுகோல்களாகப் பயன்படும். பின்வரும் பகுதியைக் காண்க:

‘சோழர் காலத்தில் தேர்தல் மிகச் சிறப்பாக நடைபெற்றது. அக்காலத் தேர்தல் சீரும் சிறப்புமாக நடந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அக்கோவிலின் சிற்பங்களும் காண்போரைக் கவர்கின்றன.’

முதலிரு தொடர்களும் ஒரே கருத்தைச் சொல்வதால் கூறியது கூறல். தேர்தல் எவ்வாறு நடந்தது என்பதைச் சொல்லாமை குன்றக்கூறல். சிற்பங்களைப் பற்றிப் பேசுவது மற்றொன்று விரித்தல். திருத்திய வடிவம் இது:

‘உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டின்படி, ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டனர். சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தனர்.’

புகழ்மொழி நீங்கியது, செய்தி மிகுந்தது. எழுதியதை ஒருநாள் கழித்து வாய்விட்டுப் படித்தால், இத்தகைய குறைகள் தாமே புலப்படும்.

சான்று காட்டுதல்

பிறர் சொற்களை அப்படியே எடுத்தாண்டால் மேற்கோள் குறிக்குள் இட்டு, எடுத்த இடத்தைக் குறிப்பிட வேண்டும். பிறர் கருத்தை நம் சொற்களில் எழுதினாலும் அக்கருத்துக்கு உரியவரைச் சுட்ட வேண்டும். சொற்களை மாற்றிவிடுவதால் மட்டும் கருத்து நமதாகிவிடாது.

நூலாயின் ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைத் தருக. இணையதளமாயின் முகவரியோடு பார்த்த நாளையும் குறிக்க. இவற்றைப் படிக்கும்போதே குறித்துக்கொள்ளாவிடில் பின்னர்த் தேடுவது அரிதாகும்.

நேர்மை தொடர்பான ஒன்றும் இங்கு உண்டு. கல்வெட்டுச் செய்தியை ஒரு வரலாற்று நூலின் வழியாக அறிந்திருந்தால், அந்நூலையே சான்றாகக் காட்ட வேண்டும். கல்வெட்டை நேரில் படித்ததுபோல் எழுதலாகாது. அந்நூலில் பிழையிருப்பின், அது எங்கே நேர்ந்தது என்பதைப் படிப்பவர் கண்டறிய இதுவே வழி.

இவ்வொழுக்கம் நமக்குப் புதியதன்று. தமக்கு முன்னிருந்த புலவர்களின் கருத்தைக் கூறுமிடங்களில் ‘என்ப’ என்று சுட்டிச் செல்கிறார் தொல்காப்பியர். ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பாடவேறுபாடுகளையும் ஏடுகள் தந்து உதவியோரையும் தம் பதிப்புகளில் பதிவு செய்தார். பெற்றது இது, தாம் சேர்த்தது இது எனப் பிரித்துக் காட்டியமையால் அவர்தம் உழைப்பின் மதிப்பு உயர்ந்ததேயன்றிக் குறையவில்லை. நாம் எழுதும் சிறு கட்டுரைக்கும் இது பொருந்தும்.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் முன்பு எழுதிய கட்டுரை ஒன்றில் கூறியது கூறல், குன்றக்கூறல், மற்றொன்று விரித்தல் ஆகிய குற்றங்கள் உள்ள இடங்களைக் கண்டறிந்து திருத்தி எழுதுக.

2. உங்கள் ஊர் பற்றிய ஒரு செய்தியை இருவேறு நூல்களில் தேடி, வேறுபாடு இருப்பின் இரண்டையும் உரிய சான்றுகளுடன் ஒரு பத்தியில் எழுதுக.