தாயம் எத்தனைக்கு ஒரு முறை விழும்? கட்டம் போட்டுக் கணக்கிடும் முறை

தாயக்கட்டையை எவ்வளவு வேண்டிக்கொண்டு உருட்டினாலும் தாயம் தன் கணக்குப்படிதான் விழும். அந்தக் கணக்கைப் போட ஒரு தாளும் பென்சிலும் போதும். நிகழ்தகவைச் சூத்திரமாக மட்டும் படித்துவிட்டு மறந்துபோன பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நீளப் பக்கங்கள்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, நான்காவது வெறும் பக்கம். மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டினால் விழுந்த எண். கூட்டுத்தொகை ஒன்று என்றால் தாயம். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு.

முதலில், ஒரு கட்டையின் முனையில் மஞ்சள் தடவி அடையாளம் வையுங்கள். சின்ன வேலைதான், ஆனால் கணக்கு முழுவதும் இதில்தான் நிற்கிறது. மஞ்சள் கட்டை ஒன்று காட்டி மற்றது வெறுமையாக விழுந்தாலும் தாயம். மஞ்சள் கட்டை வெறுமையாக விழுந்து மற்றது ஒன்று காட்டினாலும் தாயம். ஆக, தாயத்துக்கு இரண்டு வழி, பன்னிரண்டுக்கு ஒரே வழி. அடையாளம் இல்லாவிட்டால் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். ஆறு முகப் பகடை இரண்டை உருட்டினால் 11-ம் 12-ம் சம வாய்ப்புள்ளவை என்று கணித மேதை லைப்னிட்ஸே நினைத்துவிட்டார். 11-க்கு 5-6, 6-5 என இரண்டு வழி. 12-க்கு 6-6 மட்டும்தான்.

அடுத்து, நாலுக்கு நாலு கட்டம் போடுங்கள். மேலிருந்து கீழாக மஞ்சள் கட்டையின் 0, 1, 2, 3. இடமிருந்து வலமாக மற்றதன் 0, 1, 2, 3. ஒவ்வொரு கட்டத்திலும் கூட்டுத்தொகையை எழுதினால் இப்படி வரும்:

0 1 2 3
1 2 3 4
2 3 4 5
3 4 5 6

மொத்தம் 16 கட்டங்கள். கட்டை தேயாமல் இருந்தால் பதினாறும் சம வாய்ப்புள்ளவை. இனி எண்ணுவது மட்டும்தான் வேலை. தாயம் 2 கட்டங்களில் இருக்கிறது, அதாவது எட்டில் ஒரு பங்கு. மூன்று 4 கட்டங்களில் இருக்கிறது, இரண்டும் நான்கும் மும்மூன்று, ஐந்து 2, ஆறு 1, பன்னிரண்டாக எண்ணும் 0 ஒன்று.

இந்த அட்டவணை ஆட்டத்துக்கு நேரடியாக உதவும். எதிராளியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் உங்கள் காயை நிறுத்தினால், ஒரே உருட்டில் வெட்டுப்பட நாலில் ஒரு வாய்ப்பு. ஆறு கட்டம் முன்னால் நின்றால் பதினாறில் ஒன்று. தாயமும் ஐந்தும் அடுத்தடுத்து விழுந்தும் ஆறு வரலாம். அதைச் சேர்த்தாலும் மூன்றின் அபாயத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

ஒரே உருட்டில் சேர்ந்து விழ முடியாதவற்றில் ஏதாவது ஒன்று விழும் வாய்ப்பு வேண்டுமென்றால் கட்டங்களைக் கூட்டுங்கள். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது பரவலான விதி. 2+2+1+1 என 6 கட்டங்கள். எட்டில் மூன்று பங்கு. அடுத்தடுத்த உருட்டுகளுக்குப் பெருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு தாயம் விழ 1/8 × 1/8, அதாவது 64-இல் ஒன்று.

எல்லோரும் தடுமாறும் கேள்வி இனிதான். எட்டில் ஒன்று என்றால் எட்டு முறை உருட்டினால் தாயம் நிச்சயமா? இல்லை. இங்கே விழுவதை எண்ணாதீர்கள், விழாததை எண்ணுங்கள். ஒரு உருட்டில் தாயம் விழாமல் போக 7/8. ஐந்து உருட்டிலும் விழாமலிருக்க 7/8-ஐ ஐந்து முறை பெருக்கினால் ஏறக்குறைய 51 சதவீதம். ஆறாவது உருட்டில்தான் அது பாதிக்குக் கீழே, 45 சதவீதத்துக்கு வருகிறது. பத்து உருட்டு முடிந்தும் 26 சதவீதம் மிச்சமிருக்கிறது. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதால், நாலு பேர் ஆடினால் ஒருவர் பத்து உருட்டுவரை காயை இறக்காமல் உட்கார்ந்திருப்பது வழக்கமான நிலைதான். அவருக்கு ராசியில்லை என்று சொல்வது அநியாயம்.

கட்டை பழசு, தேய்ந்தது என்று சந்தேகம் வந்தால் 160 முறை உருட்டிக் குறித்துவையுங்கள். தாயம் சராசரியாக 20 முறை விழ வேண்டும். 12-க்கும் 28-க்கும் இடையில் நின்றால் கட்டையைக் குறைசொல்ல ஆதாரம் இல்லை. கட்டைக்குப் பதிலாக உருட்டும் தேய்த்த புளியங்கொட்டைக்கு இந்தக் கட்டத்தை அப்படியே நம்ப வேண்டாம். வெள்ளைப் பக்கமும் கறுப்புப் பக்கமும் சமமாக விழும் என்பதற்கு உத்தரவாதமில்லை. உருட்டி எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்னப் பிள்ளைகளோடு ஆடும்போது தாயம் விழுந்தாலும் ஐந்து விழுந்தாலும் காய் இறங்கலாம் என்று விதியைத் தளர்த்துங்கள். வாய்ப்பு நாலில் ஒன்றாகும். பத்து உருட்டுக்கும் காத்துக் கிடப்பவர் நூற்றுக்கு ஆறு பேர்தான் இருப்பார்கள்.