சைனிக் பள்ளியைப் பார்க்கப் போறீங்களா? முதலில் பையனின் கண்ணையும் காலையும் பாருங்கள்!

"அப்பா, நான் மிலிட்டரி ஸ்கூல்ல சேரணும்!"

கம்பத்திலோ சின்னமனூரிலோ உங்கள் பையன் திடீரென்று இப்படிச் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? அப்பாவுக்குப் பெருமை தாங்காது. அம்மாவுக்குக் கண் கலங்கும். "பச்சப் புள்ளைய எதுக்குய்யா பட்டாளத்துக்கு அனுப்பணும்?" என்று பாட்டி ஆரம்பிப்பார். அடுத்த வாரமே கோச்சிங் சென்டரில் பணம் கட்டியாகிவிடும். கொஞ்சம் பொறுங்கள்!

பாட்டிக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். சைனிக் பள்ளி என்பது பட்டாளம் அல்ல. மத்திய அரசின் பாடத்திட்டத்தில் நடக்கும் விடுதிப் பள்ளி. தேசிய பாதுகாப்பு அகாடமிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதுதான் நோக்கம் என்றாலும், படித்து முடித்தவர் ராணுவத்தில் சேர்ந்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. நமக்குப் பக்கத்தில் இருப்பது உடுமலைப்பேட்டையைத் தாண்டி, அமராவதி அணையை ஒட்டி, 1962-ல் தொடங்கிய அமராவதி நகர் பள்ளி. ஆறாம் வகுப்பில் சேர, அந்த ஆண்டு மார்ச் 31-ம் தேதி பிள்ளைக்கு 10 வயதுக்குக் குறையாமலும் 12-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு 300 மார்க். அதில் பாதி கணக்குக்கே. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். 2021-22 முதல் பெண் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு.

நம் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு படம் மாட்டியிருக்கிறோமே, பென்னிகுயிக்... அவரும் இந்த வழியில் வந்தவர்தான். 1857-ல், பதினாறு வயதில், இங்கிலாந்தில் அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில் சேர்ந்து பொறியாளரானவர். 1895-ல் முல்லைப் பெரியாறு அணையை முடித்துக் கொடுத்தார். அடுத்த முறை லோயர் கேம்ப் மணிமண்டபத்துக்குப் போனால் பிள்ளையிடம் இதையும் சொல்லுங்கள்.

இனி உடம்புக்கு வருவோம். எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு மருத்துவப் பரிசோதனை உண்டு. ராத்திரி பகலாகப் படித்த பிள்ளை அங்கே போய், நமக்குத் தெரியாமலே இருந்த ஒரு குறைக்காகத் திரும்பி வருவதைப்போல் வேதனை வேறில்லை. அதில் பலவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். சிலவற்றைச் சரியும் செய்யலாம்.

நிறம் தெரிகிறதா?

கோச்சிங் ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை இதுதான். நிறக்குருடு உள்ள பையனுக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். சிவப்பும் பச்சையும் மட்டும் குழம்பும். அவனுக்கே அது தெரியாது. இந்தக் குறை அம்மா வழியாக வருகிறது. அம்மாவுக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. தாய்மாமனுக்கு இருந்தால் மருமகனுக்கும் இருக்கிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டையைக் கண் டாக்டர் காட்டுவார். ஐந்து நிமிட வேலை. இதற்கு மருந்தோ ஆபரேஷனோ கிடையாது. 'குணமாக்குகிறேன்' என்பவரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள். தரைப்படையில் ஓரளவு தளர்வு உண்டு. 'பைலட் ஆவேன்' என்ற கனவு மட்டும் நடக்காது. அதைப் பத்து வயதில் தெரிந்துகொள்வது பதினேழில் தெரிந்துகொள்வதைவிட நல்லதில்லையா?

கிட்டப்பார்வையையும் அதே நேரத்தில் சோதித்துவிடுங்கள். தினமும் இரண்டு மணி நேரமாவது வெளி வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே சைனிக் தேர்வுக்காகவே சாயங்கால விளையாட்டை நிறுத்துவது வேடிக்கையான முரண்பாடு!

காலை நனைத்துப் பாருங்கள்

பாதத்தைத் தண்ணீரில் நனைத்து சிமெண்ட் தரையில் நடக்கச் சொல்லுங்கள். உள்பக்கம் வளைவே இல்லாமல் முழுப் பாதமும் பதிகிறதா? உடனே பயப்பட வேண்டாம். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு தோன்றினால் பெரும்பாலும் கவலையில்லை. தோன்றாமல் விறைப்பாகவே இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து, முழங்கால்கள் லேசாகத் தொடும்படி நேராக நிற்கட்டும். கணுக்கால்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி? மூன்று நான்கு வயதில் முட்டி தட்டுவது இயல்பு. ஏழெட்டு வயதுக்குள் நேராகிவிடும். பத்து வயதிலும் 5 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். வைட்டமின் 'டி' குறைவா, உடல் எடை அதிகமா என்று அவர் பார்ப்பார்.

சொல்லக் கூசும் சங்கதிகள்

பையனுக்கு இரண்டு விரைகளும் பைக்குள் இறங்கியிருக்கின்றனவா? குளிப்பாட்டுவதை நிறுத்திய பிறகு பெற்றோர் இதைக் கவனிப்பதே இல்லை. இறங்காத விரைக்கு ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்திருக்க வேண்டும். தாமதமாகத் தெரிந்தால் ராணுவத்தை மறந்துவிட்டு உடனே சர்ஜனிடம் போங்கள். பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கலாம். புற்றுநோய் அபாயமும் கூடும். கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம்.

இன்னொன்று, படுக்கையில் சிறுநீர் கழிப்பது. பத்து வயதில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பிள்ளைகளுக்கு இது இருக்கிறது. வீட்டில் ரகசியம், விடுதியில் கேலி. திட்டினால் தீராது. மலச்சிக்கலைச் சரி செய்வது, ராத்திரி தண்ணீரைக் குறைப்பது, தேவைப்பட்டால் அலாரம், மாத்திரை என்று வைத்தியம் இருக்கிறது. சேருவதற்கு ஓராண்டு முன்பே ஆரம்பியுங்கள்.

காதில் குரும்பி, சொத்தைப் பல், மூக்கடைப்பு எல்லாம் சுலபமாகச் சரிசெய்யக் கூடியவைதான். ஆனால் கடைசி வாரம் வரை வைத்திருக்காதீர்கள்.

பள்ளியைப் பார்க்கும் நாள்

பள்ளி அலுவலகத்தில் முன்பே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பெரியகுளம், வத்தலக்குண்டு, பழனி வழியாக உடுமலை போய், அங்கிருந்து இன்னும் சுமார் 25 கிலோமீட்டர். பஸ் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு வயிறு முட்டக் கொடுக்காதீர்கள்.

அங்கே பெரிய மைதானத்தைப் பார்த்து மயங்கிவிடாமல் சாப்பாட்டுக் கூடம், கழிப்பறை, நோயறை மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். 'ராத்திரி ஜுரம் வந்தா யார் பார்ப்பாங்க? ஆஸ்துமா இன்ஹேலர் யார்கிட்ட இருக்கும்? வீட்டுக்கு எப்போ போன் பேசலாம்?' இதெல்லாம் கேட்கத் தயங்காதீர்கள். முதலைப் பண்ணையையும் அணையையும் கடைசியாகக் காட்டுங்கள். முதலில் காட்டினால் பிள்ளை முதலைக்காகவே 'சேர்றேன்' என்று சொல்லிவிடும்!

திரும்பி வரும்போது எதுவும் கேட்காதீர்கள். இரண்டு நாள் போகட்டும். பிறகு, அப்பா இல்லாத நேரத்தில், அம்மாவோ பாட்டியோ கேட்கட்டும். "வேணாம்" என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம். 13-லிருந்து 15 வயதுக்குள் ஒன்பதாம் வகுப்பில் சேர இன்னொரு வாய்ப்பு உண்டு. அந்தத் தேர்வு மட்டும் ஆங்கிலத்தில்தான். எனவே இப்போதிருந்தே வீட்டில் ஆங்கிலப் பேப்பர் வாசிக்கப் பழக்குங்கள்.