பத்தாயத்திற்கு ஓர் உலர்ந்த அடித்தளம்

வயலுக்கு ஈரம் உயிர். நெற்களஞ்சியத்திற்கு அதே ஈரம் பகை. காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இவ்விரண்டும் ஒரே மண்ணில் வாய்த்துள்ளன. பாபநாசத்தையடுத்த திருப்பாலைத்துறையில், இரகுநாத நாயக்கர் காலத்தில் (1600–1634) செங்கல்லால் எழுப்பப்பட்ட நெற்களஞ்சியம் 3000 கலம் கொள்ளக்கூடியது. கோயிலுக்கு அத்தகைய களஞ்சியம்; குடியானவர் வீட்டிற்கோ பலகைகளை அடுக்கிச் செய்த மரப் பத்தாயம். வீட்டினுள் இடமின்றிக் கொல்லையில் மரக் கொட்டகை போட்டு நெல்லை வைப்போரும் உண்டு. அக்கொட்டகையின் அடித்தளத்தை ஈரம் ஏறாமல் அமைக்கும் முறையை இங்குக் காண்போம்.

ஈரம் ஏறுவது எவ்வாறு?

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைக் காண்கிறோம். மண்ணிலும் நீர் அவ்வாறே நுண்ணிய துளைகளின் வழியே மேலேறுகிறது. துளை எவ்வளவு சிறிதோ, ஏற்றம் அவ்வளவு அதிகம். நம் வண்டற் களிமண்ணில் ஏற்றம் மிகுதி, பருமணலில் குறைவு, பெரிய இடைவெளிகள் கொண்ட சுத்தமான கருங்கல் ஜல்லியில் ஏறக்குறைய இல்லை எனலாம். ஆதலின், குளத்துக் களிமண்ணைக் கொட்டி மேடாக்கினால் உயரம் கிடைக்கும், உலர்வு கிடைக்காது.

அமைக்கும் முறை

1. இடம்: கொல்லையில் மேடான பகுதியைத் தேர்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் தேங்கிய அளவை நினைவிற்கொண்டு, அதற்கு மேல் ஓர் அடியேனும் தளம் உயர்ந்திருத்தல் வேண்டும்.

2. மண்: களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். வேர், தழை உள்ள மேல்மண்ணை நீக்கி, கெட்டியான மண் வரும்வரை தோண்டுக. ஆற்றுமணலை அரையடி அரையடியாக நிரப்பி, நீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குக.

3. ஜல்லி: மணலின்மேல் அரையடி ஜல்லி பரப்புக. அதில் மண்ணோ தூளோ கலத்தலாகாது. கலந்தால் இடைவெளி அடைபட்டு, ஈரம் ஏற வழி பிறக்கும்.

4. தடுப்பு: ஜல்லியின் கூர்முனை குத்தாதவாறு மெல்லிய மணற்பூச்சு இட்டு, அதன்மேல் கனத்த பாலித்தீன் தாளை விரிக்க வேண்டும். இணைப்புகளில் ஓரடி ஒன்றன்மேல் ஒன்று படிய, ஓரங்களை மேல்நோக்கி மடித்துவிட்டு, 4 அங்குலக் கான்கிரீட் இடுக.

5. மரம்: கான்கிரீட்டின்மேல் மரத்தை நேராகக் கிடத்தலாகாது. கருங்கற்களை நிறுத்தி, கல்லிற்கும் மரத்திற்கும் இடையே, விளிம்பு வெளியே நீண்டு கீழ்நோக்கி மடிந்த தகடு வைக்கவேண்டும். ஈரம் தடைபடுவதோடு, கரையான் மறைவாக மேலேறவும் முடியாது. தகட்டைச் சுற்றி வர முயன்றால் அதன் மண்பாதை கண்ணுக்குத் தெரிந்துவிடும். கற்களிடையே காற்று உலவுமாறு விட்டு, எலி புகாமல் கம்பிவலை அடிக்கவும்.

6. கூரை: தளம் கூரையைவிட அகன்றிருப்பது பலர் செய்யும் தவறு. தளத்தில் விழும் மழைநீர் பலகைக்கு அடியிற் புகும். கூரை விளிம்பு தளத்திற்கு வெளியே நீண்டிருக்கட்டும். சுற்றிலும் நிலம் வெளிப்புறம் வாட்டமாக அமையட்டும்.

சோதித்தல்

கான்கிரீட் நன்கு காய்ந்தபின், ஒரு பாலித்தீன் துண்டை விரித்து ஓரங்களை ஒட்டி ஒருநாள் விடுக. மறுநாள் அடியில் நீர்த்துளி அரும்பியிருந்தால் ஈரம் இன்னும் வருகிறது என்று பொருள். நெல்லை ஏற்றாது பொறுத்திருத்தல் நலம்.

முடிவாக ஒன்று. மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் உளுத்தலுக்கு வழியாகும். விதை நெல்லிலோ 13 விழுக்காட்டிற்கு மேல் இருத்தலாகாது. தளம் தடுப்பது நிலத்தின் ஈரத்தை மட்டுமே; காயாத நெல்லோடு வரும் ஈரத்தை அது தடுக்காது. நெல்லையும் காயவைத்தே ஏற்றவேண்டும். அடிமூட்டையில் கெட்ட விதையைக் கண் காட்டிக்கொடுப்பதில்லை. நாற்றங்காலில் முளைக்காத திட்டுகளே காட்டும். அப்போது பருவம் நமக்காகக் காத்திராது. கண்ணிற்படாத அடித்தளத்தில் செய்யும் செலவே அடுத்த ஆண்டின் சோற்றிற்கு இடும் முதல் என உணர்ந்து செயற்படுவோமாக.