பழைய ஹெலிகாப்டருக்கு நியாய விலை எது?

குப்பனூரில் மலைப்பாதை தொடங்குமிடத்தில் நின்றால், ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களை நோக்கி ஏறும் பழைய ஜீப்புகளைக் காணலாம். பல ஆண்டுகட்கு முன்னர் நம் குடும்பத்து ஜீப் ஒன்றை அவ்வூரில்தான் விற்றோம். சமதரையில் ஓட்டிக் காட்டினோம்; வாங்குபவர் மகிழ்ந்தார். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் எழும் ஓசையை நாம் அறிந்திருந்தும் கூறவில்லை. அவரும் கேட்கவில்லை. பத்தாம் நாள், கொட்டச்சேட்டுக்குக் கீழே ஒரு கொண்டையூசி வளைவில் வண்டி நின்றுவிட்டது.

பழைய ஹெலிகாப்டரை எவ்வாறு விலை மதிப்பர் என்று பேரப்பிள்ளை ஒருவன் அண்மையில் வினவியபோது, இந்த ஜீப்பே நம் நினைவில் எழுந்தது. அவனுக்குக் கணக்காகச் சொன்னதையே இங்கும் எழுதுகின்றோம்.

ஜீப்பை வாங்குவோர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பர். ஹெலிகாப்டருக்கோ பறந்த மணிகளே கணக்கு. அதன் எஞ்சின், கியர் பெட்டி, சுழலும் இறக்கைகள் ஆகியவற்றுள் பலவற்றுக்கு ஆயுள் வரையறை உண்டு. அது முடிந்தால், பார்வைக்குப் புதிதாக இருப்பினும், பிரித்துப் புதுப்பிக்கவோ மாற்றவோ வேண்டும். ஆகவே விற்பனைக்கு வருவது எஞ்சியுள்ள ஆயுளே. பளபளக்கும் வண்ணப்பூச்சு அன்று.

அமெரிக்காவில் செய்யப்படும் ராபின்சன் ஆர்-44 என்னும் நான்கு இருக்கை ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்வோம். 2,200 மணி பறந்தபின், அல்லது 12 ஆண்டுகள் கழிந்தபின், இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது, அதனை முழுமையாகப் புதுப்பித்தல் வேண்டும். ஒருவரிடம் 1,100 மணி மட்டுமே பறந்த 11 ஆண்டு வயதுடைய ஹெலிகாப்டர் இருக்கிறது. புதுப்பித்த நிலையில் அதன் விலை 4 கோடி ரூபாய் என்றும், புதுப்பிக்கும் செலவு 2 கோடி என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். "பாதி ஆயுள் எஞ்சியுள்ளது, 1 கோடி கழித்து 3 கோடி தருக" என்பார் விற்பவர். ஆனால் ஆண்டுக் கணக்கில் 12இல் 11 பங்கு தீர்ந்துவிட்டது. கழிக்க வேண்டியது ஏறத்தாழ 1 கோடியே 83 லட்சம். நியாய விலை 2 கோடியே 17 லட்சம். இரண்டு விடைகளுக்கும் இடையே 83 லட்சம்! பறந்த மணியை மட்டும் கூறி வயதை விழுங்குபவர் பொய் சொல்லவில்லை. எனினும் வாங்குபவர் ஏமாறுகிறார். அளவிலும் எடையிலும் குறைத்தலைக் கள்ளாமை விரதத்தின் வழுவாக அருங்கலச்செப்பு கூறுவதை நம் இல்லங்களில் அறிவர். இங்குத் தராசு பதிவேடுதான்.

பதிவேடு இல்லாத உறுப்பு எத்தனை நன்றாயிருப்பினும் அதனை எவரும் நம்பார். அது எத்தனை மணி உழைத்தது என்பதற்கு வேறு சாட்சி ஏது? விபத்துக்குப்பின் சீர்செய்த வரலாறும் அதில் இருத்தல் வேண்டும். சார்பற்ற பொறியாளர் ஒருவரைக் கொண்டு பார்த்துக்கொள்ள வாங்குபவருக்கு இடந்தருவதும் முறை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் விலை போகாத காலமும் உண்டு. நம் நாட்டிலேயே அத்தகைய கதை ஒன்று நடந்தது. 1980களில், பிரிட்டிஷ் உதவித் தொகையைக் கொண்டு 21 வெஸ்ட்லாண்ட்-30 ஹெலிகாப்டர்கள், பின்னர் பவன் ஹன்ஸ் எனப் பெயர்பெற்ற அரசு நிறுவனத்திற்காக வாங்கப்பட்டன. மதிப்பு ஏறத்தாழ 6 கோடியே 50 லட்சம் பவுன். உதவித் தொகை அந்நாட்டுத் தொழிற்சாலைக்கே திரும்பிச் செல்லும் ஏற்பாடு அது. 1988இல் வைஷ்ணவ தேவி கோயிலருகிலும், 1989இல் நாகாலாந்திலும் விபத்துகள் நேர்ந்தன, உயிர்கள் போயின. 1991இல் அனைத்தும் தரையில் நிறுத்தப்பட்டன. 1993இல் அவற்றை விற்றபோது கிடைத்தது சுமார் 9 லட்சம் பவுன். நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் முப்பத்தெட்டுக் காசு என்ற கணக்கு!

அவ்வகையில் உலகம் முழுவதற்கும் செய்யப்பட்டவையே நாற்பதளவுதான், உற்பத்தியும் நின்றிருந்தது. உதிரி உறுப்புக் கிடைக்காத ஊர்தியை யார் விரும்புவர்? பறக்காது நின்றாலும் காவலும் பராமரிப்பும் செலவு வைக்கும். கொடுத்த விலையையே எண்ணிக்கொண்டிருந்தால் விற்கவே முடியாது. அந்த 9 லட்சம் நியாயமா என்று பேரன் கேட்டான். விற்ற நாளில் அது அநியாயம் என்று நமக்குத் தோன்றவில்லை. வாங்கிய நாளில்தான் கணக்குத் தவறியது என்றே கருதுகின்றோம்.

ஜீப்பின் கதையில் ஒன்று மீதியுள்ளது. செய்தி கேட்ட மறுநாளே குப்பனூர் சென்று, கியர் பெட்டியைச் சீர்செய்த செலவு முழுவதையும் அவரிடம் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்த்து, அதிலிருந்து நூறு ரூபாயைத் திருப்பித் தந்தார்.

"பத்து நாள் நான் ஓட்டியிருக்கிறேனே, டீச்சரம்மா. அது என் கணக்கு" என்றார்.