சாய்ந்தாலும் செங்குத்துதான்

கேள்வி: நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள், கூட்டல் குறியைக் காட்டினால் ‘செங்குத்து’ என்கிறாள். அதையே பெருக்கல் குறிபோலத் திருப்பினால் ‘இல்லை’ என்கிறாள். எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பாடப் படங்களில் பெரும்பாலும் ஒரு கோடு நிற்கும், இன்னொன்று படுத்திருக்கும். பிள்ளைகள் கோணத்தை விட்டுவிட்டு, நிற்பதையே பிடித்துக்கொள்கிறார்கள்.

மூலைமட்டம் இப்போது வேண்டாம். ஓரமெல்லாம் தாறுமாறாகக் கிழித்த ஒரு தாள் போதும். (நேரான ஓரம் இருந்தால் அதைப் பார்த்தே மடிப்பாள்!) கோணலாக ஒரு மடிப்பு. அந்த மடிப்புக்கோடு தன்மீதே படியும்படி இன்னொன்று. பிரித்தால் நான்கு கோணமும் சமம். ஒவ்வொன்றும் 90 பாகை. தாளை எப்படிச் சுழற்றினாலும் அது மாறாது.

அடுத்து, முதல் கோட்டின் வேறோர் இடத்தில் அதேபோல மடிக்கட்டும். இப்போது கிடைத்ததும் முன்பு கிடைத்ததும் இணைகோடுகள். இடைவெளியை நூல் வைத்து அங்கங்கே அளக்கச் சொல்லுங்கள். காகித மடிப்பாலேயே வடிவியல் சொல்லித்தர சுந்தர ராவ் 1893இல் சென்னையில் ஆங்கிலப் புத்தகமே போட்டிருக்கிறார்.

‘எவ்வளவு நீட்டினாலும் முட்டாதவை’ என்ற இலக்கணம் மெதுவாக வரட்டும். தாளே தீர்ந்துபோகும்போது பிள்ளை எங்கே போய் நீட்டும்?