பழைய பாக்கியா, புதுக் கடனா?

அன்புள்ள முகில்,

சர்க்கரை நோயாளிக்குக் கொரோனா முற்றுமா என்று சொல்லிவிடும் ஒரே ரத்தப் பரிசோதனை எது என்று கேட்டிருக்கிறாய். அப்படி ஒன்று இல்லையப்பா.

சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதத்தை எடுத்துக்கொள். உடம்பில் அழற்சி மூண்டால் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதம் கல்லீரலை முடுக்கிவிடும். சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத் தொடங்கும். ஆனால் தொப்பையும் சர்க்கரையும் சேர்ந்த உடம்பில், காய்ச்சல் இல்லாத நாளிலும் கொழுப்புத் திசு அந்த இன்டர்லூக்கினைக் கொஞ்சம் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அழற்சியில் ஏறும் இன்னொரு புரதமான ஃபெரிட்டினும் பலருக்குச் சற்று உயர்ந்தே கிடக்கும். முதல் நாள் சி.ஆர்.பி. லிட்டருக்கு 12 மில்லிகிராம் என்றால் அது பழைய பாக்கியா, வைரஸ் வைத்த புதுக் கடனா? இரண்டு நாளில் அதுவே 90 ஆனால் சந்தேகமில்லை, புதுசுதான். அப்போதும் அது வைரஸால்தானா என்று தெரிய நோயாளியின் காலைப் பார்த்துவிடு. 1930இல் இந்தப் புரதம் முதலில் தென்பட்டதே பாக்டீரியா நிமோனியா நோயாளிகளிடம்தான். ஆறாத கால்புண்ணும் அதை ஏற்றும்.

டி-டைமர் ரத்தக்கட்டு கரையும்போது வருவது. வூஹானில் 191 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்தபோது, சேர்க்கும்போதே அது மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமைத் தாண்டியவர்களிடம் மரணம் மிகுதியாக இருந்தது. வயதானாலும் அது ஏறும் என்பதை மறக்காதே.

பலரும் சறுக்கும் இடம் ஸ்டீராய்டு. டெக்சாமெத்தசோன் போட்டதும் நியூட்ரோஃபில் கூடும், லிம்போசைட் குறையும். நோயின் கடுமைக்கு அடையாளமாகப் பார்க்கப்படும் அவற்றின் விகிதம் எகிறும். நோய் முற்றிவிட்டதென்று பதறுவார்கள். சி.ஆர்.பி. இறங்கும், சரியாகிவிட்டதென்று நிம்மதி அடைவார்கள். சர்க்கரையோ மளமளவென்று ஏறும். ஆகவே ரத்தம் எடுத்தது முதல் ஊசிக்கு முன்னா பின்னா என்பதைக் குறித்துவை.

என்னைக் கேட்டால் அந்தச் சர்க்கரையும் ஓர் அளவுகோல்தான். ஹூபெய் மாகாண ஆய்வில் 70க்கும் 180க்கும் இடையே சர்க்கரை நின்ற நோயாளிகளில் இறந்தவர்கள் சுமார் 1 சதவீதம், கட்டுப்படாதவர்களில் 11. கடும் நோயே சர்க்கரையை ஏற்றும் என்பதால் எது காரணம், எது விளைவு என்று இதிலிருந்து அறுதியிட முடியாது. என்றாலும் குளுக்கோமீட்டர் எந்த ஊரிலும் கிடைக்கும். இன்டர்லூக்கின் பரிசோதனை அப்படிக் கிடைக்காது.

ஆக்ஸிமீட்டர் 94க்குக் கீழே காட்டினால் ரிப்போர்ட் வரட்டும் என்று உட்கார்ந்திராமல் மூத்த டாக்டரைக் கூப்பிடு.

அன்புடன்,
அத்தை